அந்த ஸ்டீராய்டு அட்டையை இன்னும் பிரிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் ராக்கிக்கு எட்டு வயது. ஆண் லேப்ரடார், 31 கிலோ. போன மாதம் கழுத்துப்பட்டை மாட்டும்போது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையாகத் தட்டுப்பட்டது. தோளுக்கு முன்னாலும் பின்னங்கால் மூட்டுக்குப் பின்னாலும் இருக்கிறது. வலி இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறான், பால்காரரைக் கண்டால் வாசலுக்கு ஓடுகிறான். ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் லிம்போமா, அதாவது நெறிக்கட்டிப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. "கீமோ கொடுக்கலாம், நாமக்கல் போக வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் இந்த மாத்திரை" என்று டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் தரவில்லை. "வாயில்லா ஜீவனைப் போட்டு வதைக்காதே" என்கிறார் வீட்டுக்காரர். அவருடைய அக்கா கீமோவில் பட்ட பாட்டை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஆனால் எதிர்வீட்டு நாய்க்குக் கீமோ ஊசி நாலு போட்டதில் கட்டி மறைந்து இன்றுவரை நன்றாக இருக்கிறது. மகள் வேறு பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இன்னும் ஏழு வாரம். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, பவானி

பதில்: முதலில் அந்த மாத்திரை. கீமோ உண்டா இல்லையா என்று முடிவாகும்வரை அதைக் கொடுக்காதீர்கள், அம்மா. பிரெட்னிசோலோன் லிம்போமா செல்களைத் தானே கொல்லும் மருந்து. இரண்டு மூன்று நாளில் கட்டி சுருங்கும், பசி கூடும், "மருந்து பிடித்துவிட்டது" என்று வீடே நிம்மதியாகும். சிக்கல் அதற்குப் பிறகுதான். சாகாமல் தப்பிய செல்கள், உள்ளே வரும் மருந்தை வெளியே இறைக்கும் பம்புகளைப் பெருக்கிக்கொள்கின்றன. கீமோ மருந்துகளான வின்கிரிஸ்டினையும் டாக்ஸோரூபிசினையும் வெளியே தள்ளுவதும் அதே பம்புதான். சில வாரம் ஸ்டீராய்டு தின்றுவிட்டுக் கீமோவுக்கு வரும் நாய்களுக்குப் பலன் குறைவாகவும் குறுகிய காலத்துக்கும்தான் கிடைக்கிறது. கட்டி சுருங்கிவிட்டால் மறுபடி ஊசி குத்திப் பரிசோதிப்பதும் சரியாக வராது. ஒரே ஒரு விலக்கு உண்டு: தொண்டைக் கட்டி அழுத்தி மூச்சு கரகரக்கிறது, விழுங்க முடியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரிடம் போய் அவர் சொன்னபடி தொடங்கிவிடுங்கள்.

அதற்காக மாதக் கணக்கில் யோசிக்கவும் நேரமில்லை. எதுவுமே செய்யாத நிலையில் இந்த நோய் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம். ஒரு வாரத்துக்குள் முடிவெடுங்கள்.

எதிர்வீட்டு நாயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாலு ஊசியில் மறைந்த கட்டி என்றால், அநேகமாக அது இனச்சேர்க்கையில் நாய்க்கு நாய் தொற்றும் டி.வி.டி. (TVT) கட்டியாக இருக்கும். நம் ஊர்த் தெருநாய்களிடம் சர்வசாதாரணம். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, நான்கிலிருந்து ஆறு வாரம் போட்டால் பெரும்பாலும் அடியோடு போய்விடும், திரும்ப வருவது அபூர்வம். மருந்து ஒன்றானாலும் நோய் வேறு. லிம்போமாவில் கீமோ நோயை அடக்கி வைக்கும். மிகச் சில நாய்களுக்கே வேரோடு போகும். நாம் பேசுவது குணமாவதைப் பற்றி அல்ல, நல்லபடியாக இருக்கும் மாதங்களைப் பற்றி. இதை வீட்டில் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறாவது மாதம் கட்டி திரும்பும்போது "ஏமாந்துவிட்டோம்" என்ற பேச்சு வராது.

அடுத்து, ரிப்போர்ட்டை இன்னொருமுறை எடுத்துப் பாருங்கள். எந்த நெறிக்கட்டியிலிருந்து எடுத்தார்கள் என்று அதில் இருக்கிறதா? தாடைக் கட்டியில் மட்டும் எடுத்திருந்தால் முழங்காலுக்குப் பின்னால் உள்ளதிலும் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். பல் சொத்தை, ஈறு வீக்கம் இருந்தாலே தாடை நெறி வீங்கிக் கிடக்கும், அங்கே எடுக்கும் மாதிரி குழப்பும். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சலும் நெறி கட்ட வைக்கும். அதில் பல வகைச் செல்கள் கலந்து தெரியும். லிம்போமாவில் ஒரே சாயலில் பெரிய லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். உங்கள் ராக்கிக்கு எல்லா இடத்திலும் எலுமிச்சை அளவில் இருப்பதால் லிம்போமா என்பது சரியாகவே இருக்கும். ஆனாலும் உண்ணிக் காய்ச்சல் கிருமியான எர்லிக்கியாவுக்குப் பரிசோதனை ஒன்று செய்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே நாயிடம் இருக்கலாம். உண்ணிக் காய்ச்சல் பிளேட்லெட்டையும் வெள்ளை அணுவையும் தானே குறைக்கும். அது தெரியாமல் கீமோவைத் தொடங்கினால் இரண்டாவது வாரம் ரத்த அணு எண்ணிக்கை கீழே விழும்போது குற்றவாளி எது என்றே புரியாது. ஸ்லைடு மறுபடி எடுத்தால் ஒரு சின்ன எச்சரிக்கை: காற்றில் உலர்ந்த ஸ்லைடையும் ஃபார்மலின் பாட்டிலையும் ஒரே கவரில் போட்டு அனுப்ப விடாதீர்கள். அந்த ஆவி பட்டாலே சாயம் ஏறாமல் மாதிரி வீணாகும்.

இன்னும் இரண்டு விவரம் தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும். ஒன்று, ரத்தத்தில் கால்சியம். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் போகிறான் என்றால் கால்சியம் ஏறியிருக்கலாம். அது பெரும்பாலும் டி செல் லிம்போமாவின் அடையாளம், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரண்டு, புற்றான லிம்போசைட் பி செல் வகையா டி செல் வகையா என்பது. ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை வகைபிரித்து எண்ணும் சோதனை) அல்லது நெறித் துண்டில் சிடி3, சிடி79ஏ சாயம் போட்டுப் பார்த்தால் தெரியும். நம் ஊரில் இந்தச் சோதனை எங்கும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, செலவும் உண்டு. முடியாவிட்டால் கால்சியத்தையும் நாயின் நிலையையும் வைத்து முடிவெடுப்பதில் தவறில்லை. ஆனால் "சின்ன செல்", "மெதுவாக வளர்வது" என்ற மாதிரி ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை இருந்தால் அங்கேயே நில்லுங்கள். டி ஸோன் போன்ற மந்த வகைகளில் கீமோ இல்லாமலே வருடக் கணக்கில் ஓடும் நாய்கள் உண்டு. அவற்றுக்கு அவசரப்பட்டு மருந்து கொடுப்பதுதான் தவறு.

இனி எண்கள். நான்கு மருந்து சேர்ந்த சாப் (CHOP) கீமோ முறையில் பி செல் நாய்கள் பத்தில் எட்டு ஒன்பதுக்குக் கட்டி முழுக்கவோ பெரும்பகுதியோ மறையும். பாதி நாய்கள் சுமார் ஒரு வருடத்தைத் தாண்டும், நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ இரண்டு வருடம் பார்க்கும். டி செல் என்றால் பாதி நாய்கள் தாண்டுவது ஆறிலிருந்து ஒன்பது மாதம்தான். டாக்ஸோரூபிசின் ஒன்றை மட்டும் கொடுத்தால் பி செல்லில் ஆறிலிருந்து எட்டு மாதம் என்று வையுங்கள், டி செல் அதற்குச் சரியாக மசியாது. ஸ்டீராய்டு மட்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம். இவை நடு எண்கள். பாதி நாய் அதற்கு முன்பே போகும், பாதி அதைத் தாண்டும். நன்றாகச் சாப்பிட்டு ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் தொடங்குவது ராக்கியின் பக்கம் உள்ள பலம். சோர்ந்து, எடை இறங்கி, காய்ச்சலோடு வரும் நாய்க்கு இதே மருந்து இவ்வளவு கைகொடுக்காது.

உங்கள் வீட்டுக்காரரின் பயம் நியாயமானது. ஆனால் அவர் மனதில் இருப்பது அக்காவின் கீமோ. மருந்துகள் ஏறக்குறைய அவையேதான், அளவும் நோக்கமும் வேறு. மனிதருக்குக் குணமாக்கவேண்டும் என்று உடம்பு தாங்கும் எல்லைவரை கொடுப்பார்கள். நாய்க்கு, வீட்டில் வாலாட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்பதற்காக அளவைக் கீழேயே நிறுத்துவார்கள். ஓரிரு நாள் சோர்வு, ஒருவேளை வாந்தி, பேதி என்பது சாதாரணம். ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றவேண்டிய அளவுக்குப் போவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. முடி கொட்டுவது பூடில், ஷிட்ஸு, லாசா மாதிரி விடாமல் முடி வளரும் இனங்களுக்குத்தான். லேப்ரடாருக்கு மீசை முடி உதிரும், அவ்வளவே.

அளவு எடையில் அல்ல, உடல் பரப்பில் கணக்கிடப்படும். 31 கிலோ நாய்க்குப் பரப்பு சரியாக ஒரு சதுர மீட்டர். ராக்கி கணக்குக்கு வசதியான நாய். சாப் முறையில் முதல் வாரம் வின்கிரிஸ்டின் 0.5 முதல் 0.7 மில்லிகிராம், இரண்டாம் வாரம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 200 முதல் 250, மூன்றாம் வாரம் மறுபடி வின்கிரிஸ்டின், நான்காம் வாரம் டாக்ஸோரூபிசின் 30, ஐந்தாம் வாரம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று. மொத்தம் 19 வாரத்தில் 16 முறை போகவேண்டும். கூடவே முதல் நான்கு வாரம் மட்டும் பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 2 மில்லிகிராமில் தொடங்கி, வாரா வாரம் 1.5, 1, 0.5 என்று இறக்கி நிறுத்துவார்கள். டாக்ஸோரூபிசின் மட்டும் என்றால் அதே 30 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து முறை. இந்த மருந்து இதயத் தசையில் சேர்ந்துகொண்டே போகும். மொத்தம் சதுர மீட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்ட விடமாட்டார்கள். ஐந்து முறைக்கு 150, எல்லைக்குள்தான். தொடங்கும் முன் எக்கோவாவது ஈசிஜியாவது எடுத்துவிடுங்கள். ராக்கியின் பெற்றோரில் கோலி, ஷெல்டி ரத்தம் கலந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த இனங்களில் பலவற்றுக்கு மருந்தை வெளியேற்றும் மரபணு பழுது, வழக்கமான அளவே விஷமாகும்.

மருந்து ஏற்றும் நாளில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒரு ரத்தக் குழாயை. டாக்ஸோரூபிசின் குழாய்க்கு வெளியே ஒரு சொட்டு கசிந்தாலும் சுற்றியுள்ள தசை அழுகும். பத்து நாள் கழித்துக்கூடப் புண் வெளியே தெரியும், காலையே எடுக்க நேர்ந்ததும் உண்டு. அதனால் காலையில் சிபிசிக்கு (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) ரத்தம் எடுக்க வருபவரிடம், "கழுத்தில் எடுங்கள், முன்னங்கால்களைத் தொடாதீர்கள்" என்று சொல்லுங்கள். ஏற்கெனவே குத்திய நரம்பில் மருந்து ஏற்றக் கூடாது. முதல் குத்திலேயே சுத்தமாக உட்கார்ந்த புது வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் சிறு குழாய்) வேண்டும். சலைனில் கலந்து இருபது முப்பது நிமிடம் ஏறும். அந்த நேரம் முழுக்க ஒருவர் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். நீங்கள் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். போனை உள்ளே வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் அந்தக் காலை விடாமல் நக்கினாலோ வீங்கினாலோ அன்றே கூப்பிட்டுச் சொல்லவேண்டும். ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். சைக்ளோஃபாஸ்ஃபமைடுக்குப் பிறகு சிவந்தால்தான் ரத்தம். அந்த மருந்து சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும் என்பதால் காலையிலேயே கொடுத்து, தண்ணீர் நிறைய வைத்து, இரண்டு மணிக்கொருதரம் வெளியே விடவேண்டும். அந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

வாந்தி வருமானால் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். வாந்தியைத் தடுக்கும் மாரோபிடன்ட் மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சோறு, வேகவைத்த கோழி, கொஞ்சம் தயிர் என்று சிறுகச் சிறுகக் கொடுங்கள். பச்சை இறைச்சி வேண்டாம். வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போவது ஏழாவது நாளை ஒட்டி, டாக்ஸோரூபிசினுக்குப் பத்தாவது நாள்வரை. அந்த நாட்களில் காலை மாலை ஆசனவாயில் வாஸ்லின் தடவிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 103-ஐத் தாண்டி நாயும் சோர்ந்திருந்தால் நள்ளிரவானாலும் கிளம்பவேண்டும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவதுதான் இந்த சிகிச்சையில் நாயைச் சாகடிக்கும் தவறு. வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலோ புரூஃபெனோ கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். இரண்டுமே நாய்க்கு ஆபத்து. ஒவ்வொரு டோஸுக்கும் முன் சிபிசி கட்டாயம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 1500-க்குக் கீழே இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், போட்டுவிடுங்கள்" என்று நீங்கள் வற்புறுத்தக் கூடாது.

மகள் விஷயம் உண்மையிலேயே பெரிது. மருந்தும் அதன் மிச்சங்களும் சிறுநீர், மலம், வாந்தி வழியே வெளிவரும். ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் மூன்றிலிருந்து ஐந்து நாள் மகள் அவற்றின் பக்கமே போகக் கூடாது. மருந்து, மாத்திரை, ராக்கியின் விரிப்பு, சாப்பாட்டுத் தட்டு எதையும் தொடக் கூடாது, முகத்தை நக்க விடக் கூடாது. தலையைத் தடவுவதால் ஒன்றும் ஆகாது. நீங்களோ வீட்டுக்காரரோ கையுறை போட்டு மலத்தை எடுத்து இரண்டு பையில் கட்டிப் போடுங்கள். சிறுநீர் போக ஆள் நடமாட்டமில்லாத ஒரே மண் இடமாகப் பழக்கி, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். குழாயை வேகமாகத் திறந்து தெறிக்க விடாமல் மெதுவாக. விரிப்பைத் தனியாக இரண்டு தடவை அலசுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடும் இடத்தில் அவன் காலைத் தூக்கும் பழக்கம் இருந்தால், அதை முதல் டோஸுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

இங்கேதான் என் யோசனை ஒரு பக்கம் சாய்கிறது. சாப் முறையில் 19 வாரத்தில் 16 பயணம், ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் கையுறை நாட்கள். நடுவில் பிரசவம். டாக்ஸோரூபிசின் மட்டும் என்றால் 12 வாரத்தில் ஐந்து பயணம், கையுறை நாட்கள் மொத்தமே இருபத்தைந்து. இன்று தொடங்கினால் மூன்றாவது டோஸ் ஆறாவது வாரம், பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பு. நான்காவது ஒன்பதாவது வாரம், குழந்தை வந்தபிறகு. அந்த இடத்தில் நான்கைந்து நாள் முன்பின் ஆனாலும் பெரிய கேடில்லை. கால்சியம் சரியாக இருந்து, பி செல் என்றோ அப்படி நம்பக் காரணமோ இருந்தால், உங்கள் வீட்டுக்கு நான் இந்த ஐந்து டோஸ் வழியைத்தான் சொல்வேன். சில மாதங்கள் குறையும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் நடுவழியில் கைவிடப்படும் நல்ல சிகிச்சையைவிட முடிக்கக்கூடிய சிகிச்சை மேல்.

செலவைக் கேட்கும்போது "கீமோ எவ்வளவு?" என்று கேட்காதீர்கள், மருந்து விலையைத்தான் சொல்வார்கள். மனிதருக்கான ஜெனரிக் மருந்துகளே பயன்படுவதால் பெரும்பாலும் அது சின்னப் பங்கு. ஒரு தடவைக்கு சிபிசி, வென்ஃப்ளான், சலைன், வாந்தி மாத்திரை, வண்டி வாடகை, உங்கள் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்து எழுதி ஐந்தாலோ பதினாறாலோ பெருக்குங்கள். அதோடு ஒரு அவசர அட்மிஷனுக்கான பணத்தையும் தனியாக வையுங்கள். அந்தக் கடைசித் தொகை கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முன்பே போன் செய்து, எந்தக் கிழமை கீமோ தருகிறார்கள், மருந்தை நாம் வாங்கிப் போகவேண்டுமா, இரவில் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று மூன்றையும் கேளுங்கள்.

கால்சியம் ஏறி சிறுநீரகம் கெட்டிருந்தாலோ, இதயம் பலவீனம் என்றாலோ, ஊசிக்குப் பிடிக்கவே மூன்று பேர் வேண்டும், ஆஸ்பத்திரி வாசலிலேயே நடுங்குகிறான் என்றாலோ வேண்டாம் என்பதே சரியான பதில். தொடங்கியபின் நிறுத்தவும் உரிமை உண்டு. முதல் டோஸ் போட்ட ஒரு வாரத்தில் கட்டி பாதியாவது சுருங்கவேண்டும். இரண்டாவது டோஸுக்குப் பிறகும் அசையவில்லை என்றால் மூன்றாவதுக்குப் போகாதீர்கள்.

வேண்டாம் என்று முடிவானால் அந்த அட்டையை அப்போது பிரியுங்கள். தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 60 மில்லிகிராம், பிறகு உங்கள் டாக்டர் சொல்லும் வேகத்தில் குறைப்பது. காலையில், சாப்பாட்டோடு. தாகம், பசி, மூச்சிரைப்பு, ராத்திரி சிறுநீர் எல்லாம் கூடும், திட்டாதீர்கள். மெலாக்ஸிகாம் மாதிரி வலி மாத்திரையைக் கூடச் சேர்க்கவே கூடாது, வயிறு பொத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. மறுபடி கட்டி பெருத்து மூச்சு இழுக்கும்போதும், இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சோற்றைத் திரும்பிப் பார்க்காதபோதும், ஊசி போட்டு வலியில்லாமல் நிரந்தரமாகத் தூங்க வைப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். வீட்டுக்கே வந்து செய்வாரா என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

எந்த வழியானாலும் ஒரு வேலை உங்களுடையது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, தாடை, தோள், முழங்கால் என்று ஆறு இடத்தையும் தொட்டுப் பார்த்து, எலுமிச்சையா நெல்லிக்காயா சுண்டைக்காயா என்று தினசரி காலண்டர் தாளிலேயே எழுதுங்கள். பக்கத்தில் எடை, எத்தனை வேளை சாப்பிட்டான், பால்காரரைப் பார்த்து ஓடினானா. அந்தத் தாள்களைக் கிழித்துப் போடாமல் ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். சுண்டைக்காய் மறுபடி நெல்லிக்காய் ஆகும் வாரத்தை ஸ்கேனுக்கு முன்பே உங்கள் விரல் சொல்லிவிடும்.